“8,000 அடியை எதிர்பாருங்கள்”: மேகத்துக்குள் ரேடியோ நின்றுபோனால்

கருவி விதிகளின்படி, அதாவது வெளியே ஒன்றும் தெரியாவிட்டாலும் கருவிகளைப் பார்த்துப் பறக்கும் ஐ.எஃப்.ஆர். முறையில், பறக்கப்போகும் விமானிக்குப் புறப்படும் முன்பே தரையிலிருந்து ஓர் அனுமதி கிடைக்கும். அதைக் கிளியரன்ஸ் என்பார்கள். எது வரைக்கும் போகலாம், எந்தப் பாதையில், எந்த உயரத்தில், கிளம்பியதும் எந்த அலைவரிசையில் பேச வேண்டும், டிரான்ஸ்பாண்டரில் (விமானத்தை ரேடார் திரையில் அடையாளம் காட்டும் கருவி) எந்த எண்ணை வைக்க வேண்டும் என்பதெல்லாம் அதில் வந்துவிடும். நடுவில் ஒரு வரி மட்டும் புதிதாகக் கற்பவர்களைக் குழப்பும்: “5,000 அடிக்கு ஏறுங்கள். புறப்பட்ட 10 நிமிடத்தில் 8,000 அடியை எதிர்பாருங்கள்.”

எதிர்பார்த்து என்ன செய்வது? 8,000 அடிக்கு ஏற வேண்டிய நேரம் வந்தால் அப்போது சொன்னால் போதாதா? பெரும்பாலும் அப்படித்தான் நடக்கும். சில நிமிடத்தில், தரையிலிருந்து விமானங்களை வழிநடத்தும் கன்ட்ரோலரே கூப்பிட்டு ஏறச் சொல்லிவிடுவார், காகிதத்தில் எழுதிவைத்த அந்த வரி ஒன்றுக்கும் உதவாமல் கிடக்கும். ரேடியோ ஒழுங்காக இருக்கிற வரைக்கும் அது வீண் வரிதான். ரேடியோ நின்றுபோகிற அன்றைக்கு விமானியின் கையில் மிச்சம் இருப்பது அந்த வரியும் அதைப் போன்ற வேறு இரண்டு மூன்று வரிகளும்தான்.

மேகத்துக்குள் போன விமானிக்குக் கண்ணாடிக்கு வெளியே ஒரே சாம்பல் நிறம்தான் தெரியும். எதிரே வருகிற விமானத்தைக் கண்ணால் பார்த்து விலக வழியே இல்லை. அவருக்குப் பதிலாகக் கன்ட்ரோலர் பார்த்துக்கொள்கிறார். இரண்டு விமானங்களுக்கு நடுவே உயரத்தில் 1,000 அடியோ, ரேடார் இருக்கிற இடத்தில் பக்கவாட்டில் 3 அல்லது 5 கடல் மைலோ இடைவெளி விட்டு ஓட்டுகிறார். இந்த ஏற்பாடு முழுவதும் பேச்சை நம்பி நடக்கிறது.

ரேடியோ போனதும் விமானத்துக்கு ஒன்றும் ஆகிவிடாது. எஞ்சின் ஓடும், கருவிகள் காட்டும், திசை தெரியும். சிக்கல் தரையில் இருப்பவருக்குத்தான். இந்த விமானம் அடுத்து எந்தப் பக்கம் திரும்பும், எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அவரால் கேட்க முடியாது, ஊகிக்க மட்டுமே முடியும். அந்த ஊகம் தப்பாமல் இருக்கத்தான் விதிகள். இரண்டு பேரும் ஒரே விதியைப் படித்திருப்பதால், பேசாமலே ஒருவர் செய்யப்போவது மற்றவருக்குத் தெரிந்துவிடும். இதை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் விதிகளில் பாதியை மனப்பாடம் செய்யவே தேவையில்லை.

முதலில், உண்மையிலேயே போய்விட்டதா?

பயிற்சிக் காலத்தில் எனக்கு ஒருமுறை திடீரென்று காதில் எல்லாம் அடங்கிப்போனது. ரேடியோ போச்சு என்று முடிவு கட்டி, விதிகளை மனதுக்குள் ஒப்பிக்க ஆரம்பித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பயிற்சியாளர் ஒன்றும் சொல்லாமல் என் முழங்காலைத் தள்ளிவிட்டு, அது இடித்துப் பாதி வெளியே வந்திருந்த ஹெட்செட் செருகியை உள்ளே அழுத்தினார். அவ்வளவுதான் கோளாறு.

ரேடியோ போனதாகத் தோன்றும் பல சமயங்களில் ரேடியோ போயிருக்காது. ஒலியளவு குறைந்திருக்கும், செருகி கழன்றிருக்கும், புது அலைவரிசையில் ஓர் எண் மாறியிருக்கும். ஸ்க்வெல்ச்சைத் திறந்து பாருங்கள், அதாவது ரேடியோவின் இரைச்சல் வடிகட்டியை. ‘உஸ்ஸ்’ என்று இரைச்சல் கேட்டால் ரிசீவரும் ஹெட்செட்டும் பிழைத்திருக்கின்றன என்று அர்த்தம். அப்படியானால் சிக்கல் அலைவரிசையில் இருக்கலாம், தூரத்திலும் இருக்கலாம். விமான ரேடியோ பேசுவது 118 முதல் 137 மெகாஹெர்ட்ஸ் வரையிலான அலைகளில். அவை நேர்கோட்டில் போகிறவை. தாழ்வாக, ஒரு மலைக்குப் பின்னால் பறந்துகொண்டிருந்தால் கேட்காமல் போவதில் வியப்பில்லை.

அடுத்து, கடைசியாகப் பேச்சு நடந்த பழைய அலைவரிசைக்குத் திரும்பிப் போய்க் கூப்பிடலாம். இரண்டாவது ரேடியோ இருந்தால் அதில் முயலலாம். எல்லோரும் காது வைத்திருக்கிற 121.5 என்ற அவசர அலைவரிசை இருக்கிறது. பக்கத்தில் பறக்கும் இன்னொரு விமானத்துக்குக் கேட்டால் அவர் செய்தியைக் கடத்திவிடுவார். சிறிய விமானங்களில் கைபேசியிலேயே கட்டுப்பாட்டு நிலையத்தைக் கூப்பிட்டுத் தப்பித்தவர்களும் உண்டு.

மைக் பொத்தான் அமுங்கியபடியே சிக்கிக்கொள்வது இன்னொரு வகை. அது மற்றவர்களுக்கும் சேர்த்துத் தொல்லை. உங்கள் ரேடியோ விடாமல் அனுப்பிக்கொண்டே இருப்பதால் உங்களுக்கு எதுவும் கேட்காது, அந்த அலைவரிசையில் வேறு யாரும் பேசவும் முடியாது. ரேடியோ முகப்பில், அனுப்புவதைக் காட்டும் சிறு அடையாளம் அணையாமல் இருந்தால் இதுதான் காரணம். ஹெட்செட்டின் மைக் செருகியைப் பிடுங்கிப் பார்ப்பதும் கையில் பிடிக்கும் மைக்குக்கு மாறுவதும் எளிய வழிகள்.

கோளாறே இல்லாமலும் தொடர்பு அறுந்துபோகும். 2009 அக்டோபர் 21 அன்று சான் டியேகோவிலிருந்து மினியாப்பொலிஸ் போன நார்த்வெஸ்ட் 188 விமானம் ஒரு மணி நேரத்துக்கும் மேலாக யாருக்கும் பதில் சொல்லவில்லை. இறங்க வேண்டிய ஊரைத் தாண்டி ஏறக்குறைய 150 மைல் போய்விட்டது. ரேடியோவில் பழுதே இல்லை. அலைவரிசை மாறச் சொன்னதைத் தவறவிட்டுவிட்டு, இரண்டு விமானிகளும் மடிக்கணினியில் மூழ்கியிருந்தார்கள். எப்போது இறங்குவோம் என்று பணிப்பெண் உள்தொலைபேசியில் கேட்டபோதுதான் விழித்துக்கொண்டார்கள்.

நான்கு இலக்க எண்

இதையெல்லாம் பார்த்தும் பேச்சு திரும்பவில்லை என்றால் டிரான்ஸ்பாண்டரில் 7600 வைக்க வேண்டும். ‘என்னிடம் ரேடியோ இல்லை’ என்று உலகம் முழுக்கப் புரியும் எண் அது. வைத்த உடனே ரேடார் திரையில் அந்த விமானத்தின் அடையாளம் தனியாகத் தெரியும். 7500 கடத்தலுக்கு, 7700 பொதுவான அவசரத்துக்கு. எண்களைத் திருகி மாற்றும் பழைய கருவியில் அவசரப்பட்டுத் திருகினால் போகிற வழியில் 7500 ஒரு நொடி நின்றுவிடக்கூடும். ரேடியோ போன விமானி அன்றைக்கு விரும்பக்கூடிய கடைசி விஷயம் அது.

உங்களுக்குப் பேச முடியாது, ஆனால் கேட்கிறது என்றால் நிலைமை பாதி சரியாகிவிடும். கன்ட்ரோலர் சொல்வார்: “நான் பேசுவது கேட்டால் ஐடென்ட் அழுத்துங்கள்.” டிரான்ஸ்பாண்டரில் அந்தப் பொத்தானை அழுத்தியதும் அவர் திரையில் உங்கள் புள்ளி பளிச்சென்று தெரியும். அதன் பிறகு கேள்வி எல்லாம் ஆம், இல்லை என்று பதில் சொல்லக்கூடிய மாதிரிதான் வரும். ஐடென்ட் இல்லாவிட்டால் ஒரு பக்கம் திரும்பச் சொல்லிப் பார்ப்பார்கள். திரும்பினால் கேட்கிறது என்று பொருள். தரையிலிருந்து விமானங்களுக்குத் திசை காட்டும் சில வி.ஓ.ஆர். நிலையங்களில் வழிகாட்டும் அலையோடு குரலும் வரும் என்பதால் அதையும் திறந்து வைத்துக் கேட்பது நல்லது.

நேர்மாறாக, உங்களுக்குக் கேட்கவில்லை, ஆனால் நீங்கள் பேசுவது போகிறதோ என்னவோ தெரியவில்லை என்றால், பேசிக்கொண்டே இருங்கள். கேட்காமலே அனுப்புகிறேன் என்று முன்னால் சொல்லிவிட்டு, செய்ய நினைத்திருப்பதை இரண்டு முறை சொல்ல வேண்டும். யாருக்காவது கேட்டால் லாபம்தான்.

மின்சாரமே போய்விட்டால் கதை வேறு. அப்போது டிரான்ஸ்பாண்டரும் போய்விடும், 7600 யாருக்கும் தெரியாது, வழிகாட்டும் கருவிகளும் ஒவ்வொன்றாக அணையும். அது ரேடியோ பழுது என்ற தலைப்பிலேயே அடங்காத அவசரம். தெளிவான வானம் எந்தப் பக்கம் இருக்கிறது என்பது மட்டும்தான் அங்கே கேள்வி.

தெளிவான வானம் தெரிந்தால்

பாடத்தில் எல்லோரும் தாண்டிப்போகும் பகுதி இதுதான். ரேடியோ போகும்போது வெளியே நன்றாகப் பார்க்க முடிகிறது, அல்லது போன பிறகு மேகத்தை விட்டு வெளியே வந்துவிட்டீர்கள் என்றால், கீழே சொல்லப்போகும் கணக்கு எதுவும் வேண்டாம். தெளிவான வானத்திலேயே இருந்து, கண்ணால் பார்த்துப் பறந்து, போய் இறங்கிவிடலாம். அமெரிக்க விதி 91.185 இதைத்தான் முதலில் சொல்கிறது. வசதிப்பட்டதும் இறங்கு என்பது அதன் கருத்து. கண்ணில் படுகிற முதல் வயலில் இறங்கு என்று அர்த்தமில்லை. போகவேண்டிய இடம் இன்னும் சில நிமிடத் தூரம்தான் என்றால், அதை விட்டுவிட்டுப் பொருந்தாத ஓர் ஓடுபாதையைத் தேடிப் போகத் தேவையில்லை. ஆனால் கண்ணுக்கு வெளிச்சமாக இருக்கும் இடத்தை விட்டு மறுபடியும் மேகத்துக்குள் நுழைவது, என் பார்வையில், வம்பை விலைக்கு வாங்குவது.

எந்தப் பாதையில்?

வானம் தெளியவில்லை, மேகத்துக்குள்தான் போயாக வேண்டும். இப்போது மூன்று கேள்விகள்: எந்தப் பாதை, எந்த உயரம், எப்போது இறங்குவது. முதலில் அமெரிக்க விதியைப் பார்ப்போம். கற்பதற்கு அது தெளிவாக இருக்கும். சர்வதேச விதி எங்கே மாறுகிறது என்று அப்புறம் சொல்கிறேன்.

பாதைக்கு ஒரு வரிசை உண்டு. கடைசியாகக் கொடுத்து நீங்கள் ஏற்றுக்கொண்ட பாதை இருந்தால் அதுதான். அது இல்லாமல், கன்ட்ரோலர் ரேடாரில் பார்த்துத் திசை சொல்லி உங்களை ஓட்டிக்கொண்டிருந்தால், இருக்கும் இடத்திலிருந்து அவர் கொண்டுபோய்ச் சேர்க்க நினைத்த புள்ளிக்கோ, வரைபடத்தில் குறித்த வான்வழிக்கோ நேராகப் போக வேண்டும். இரண்டும் இல்லையென்றால், எதிர்பாருங்கள் என்று சொன்ன பாதை. அதுவும் இல்லையென்றால் பறத்தல் திட்டத்தில் நீங்களே எழுதிக் கொடுத்த பாதை. ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்து ஏ.வி.இ.எஃப். என்று மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்வார்கள்.

இதில் இரண்டாவதைக் கொஞ்சம் நின்று பார்க்கலாம். கன்ட்ரோலர் வெறுமனே “270 திசையில் திரும்புங்கள்”, அதாவது மேற்கே, என்று விடமாட்டார். “270 திசையில் திரும்புங்கள், இன்ன வான்வழியில் சேர்ப்பதற்காக” என்று காரணத்தையும் ஒட்டியே சொல்வார். அந்த ஒட்டு எதற்கு என்று இப்போது புரியும். 270-இல் பறந்துகொண்டிருக்கும்போது ரேடியோ போனால், காரணம் தெரியாத விமானி அதே திசையில் போய்க்கொண்டே இருப்பார். அந்தத் திசையில் மலை இருக்கலாம். காரணம் தெரிந்தவர் வான்வழியை நோக்கித் திரும்புவார். அவர் திரும்பப்போகிறார் என்று கன்ட்ரோலருக்கும் தெரியும். காரணம் சொல்லாமல் திசை மட்டும் வந்தால் எதற்காக என்று கேட்டு வைத்துக்கொள்வது நல்ல பழக்கம்.

எந்த உயரத்தில்?

உயரத்துக்கு விதி சின்னது: மூன்றில் எது அதிகமோ அது. கடைசியாகக் கொடுத்த உயரம், எதிர்பாருங்கள் என்று சொன்ன உயரம், அந்தப் பகுதியில் மலைகளும் தடைகளும் இடிக்காமல் பறக்கக் குறிக்கப்பட்டிருக்கும் குறைந்தபட்ச உயரம். பாதையின் ஒவ்வொரு துண்டுக்கும் இந்த மூன்றையும் தனித்தனியாக ஒப்பிட வேண்டும். பயணம் முழுவதற்கும் சேர்த்து ஒரே தடவை பார்த்துவிட்டு விட்டுவிடக் கூடாது. இங்கேதான் தேர்வில் பலரும் சறுக்குவார்கள்.

நம் கிளியரன்ஸையே எடுத்துக்கொள்வோம். கொடுத்தது 5,000. புறப்பட்ட 10 நிமிடத்தில் எதிர்பார்க்கச் சொன்னது 8,000. நான்காவது நிமிடத்தில் ரேடியோ போய்விடுகிறது. முதல் துண்டின் குறைந்தபட்ச உயரம் 6,000 என்று வரைபடம் காட்டுகிறது. 8,000-க்கான நேரம் இன்னும் வரவில்லை, அதனால் போட்டி 5,000-க்கும் 6,000-க்கும்தான். 6,000-க்குப் போகிறீர்கள். கடிகாரத்தில் பத்தாவது நிமிடம் ஆகிறது. இப்போது 8,000-க்கு ஏறுகிறீர்கள், யாரும் சொல்லாமலே. அடுத்த துண்டில் மலைகள், குறைந்தபட்சம் 9,000. ஏறுகிறீர்கள். மலைகளைத் தாண்டியாயிற்று, அடுத்த துண்டின் குறைந்தபட்சம் 4,000 என்று போட்டிருக்கிறது. இறங்கலாம், ஆனால் 8,000 வரைக்கும்தான். 4,000 என்பது மலைக்குத் தேவையான உயரம் மட்டுமே. அந்த உயரத்தில் உங்களுக்காக யாரும் வானத்தைக் காலி செய்து வைத்திருக்கவில்லை.

ஊகங்கள் ஒன்றோடொன்று பொருந்தாதபோது என்ன ஆகும் என்பதற்கு 2006 செப்டம்பர் 29 அன்று பிரேசிலில் நடந்ததைச் சொல்லலாம். மனாவுஸை நோக்கிப் போன லெகசி என்ற சிறிய ஜெட் 37,000 அடியில் பறந்தது. பிரேசிலியாவைத் தாண்டியதும் 36,000-க்கு இறங்குவதாக அதன் பறத்தல் திட்டத்தில் எழுதியிருந்தது. ஆனால் புறப்படும்போது கிடைத்த அனுமதியை அதன் விமானிகள் கடைசி வரை 37,000 என்றே எடுத்துக்கொண்டார்கள். டிரான்ஸ்பாண்டர் நின்றுபோயிருந்தது, இரு பக்கமும் கூப்பிட்டும் பேச்சு சேரவில்லை. எதிரே கோல் நிறுவனத்தின் போயிங் 737 அதே 37,000-இல் வந்துகொண்டிருந்தது. மோதலில் அந்த 737-இல் இருந்த 154 பேரும் இறந்தார்கள். காரணங்கள் பல, அவற்றுக்கு விசாரணைகள் வெவ்வேறு எடை கொடுத்தன. ஆனால் அந்த விமானம் எந்த உயரத்தில் இருக்கும் என்பதைப் பற்றி மேலேயும் கீழேயும் ஒரே எண்ணம் இருக்கவில்லை என்பது மட்டும் உறுதி.

எப்போது இறங்குவது?

கற்பவர்களுக்கு மூன்றாவது கேள்விதான் தலைவலி. முதலில் எளிதானது. ஒரு புள்ளியில் வட்டமடித்துக் காத்திருக்கச் சொல்லும்போது கன்ட்ரோலர் ஒரு நேரமும் கொடுப்பார்: “அடுத்த அனுமதியை 14:40-க்கு எதிர்பாருங்கள்.” இதுவும் அந்த ‘வீண் வரி’ ரகம்தான். 14:32-க்கு ரேடியோ போனால் இன்னும் எட்டு நிமிடம் அங்கேயே வட்டமடித்துவிட்டு, 14:40-க்குக் கிளம்ப வேண்டும். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம். அந்த நேரம் கொடுக்கப்படாமல் வட்டமடிக்கவே கூடாது, கேட்டு வாங்க வேண்டும் என்று பயிற்சியாளர்கள் விடாமல் சொல்வது இதனால்தான்.

அனுமதி எந்தப் புள்ளி வரைக்கும் கொடுக்கப்பட்டதோ அங்கிருந்தே இறங்குமுறை, அதாவது அப்ரோச், தொடங்குகிறது என்றால், எதிர்பார்க்கச் சொன்ன நேரத்தில் இறங்கத் தொடங்கலாம். நேரம் கொடுக்கவில்லை என்றால், போய்ச்சேருவதாகக் கணக்கிட்ட நேரத்தில். அந்தப் புள்ளியில் அப்ரோச் தொடங்கவில்லை என்றால், சொன்ன நேரத்தில் அதை விட்டுக் கிளம்பி (நேரம் இல்லையென்றால் அங்கே போனவுடனே), அப்ரோச் தொடங்கும் இடத்துக்குப் போய், போய்ச்சேரும் நேரத்தை ஒட்டி இறங்க வேண்டும்.

போய்ச்சேரும் நேரத்தைப் பறத்தல் திட்டத்திலிருந்து எடுக்க வேண்டும். 10:12-க்குப் புறப்பட்டீர்கள், பயண நேரம் 1 மணி 35 நிமிடம் என்று எழுதிக் கொடுத்தீர்கள். அப்படியானால் 11:47. பின்காற்று அடித்து 11:39-க்கே வந்துவிட்டால் எட்டு நிமிடம் அங்கே வட்டமடிக்க வேண்டும். புறப்பட்ட நேரத்தை முழங்கால் அட்டையில் குறித்துக்கொள்ளும் பழக்கம் இந்த ஓர் இடத்தில் காப்பாற்றும்.

உண்மையில் ரேடார் இருக்கும் இடங்களில், 7600-ஐப் பார்த்தவுடன் கன்ட்ரோலர் உங்கள் முன்னால் இருக்கிற எல்லோரையும் ஒதுக்கிவிட்டிருப்பார். நீங்கள் எட்டு நிமிடம் சுற்றுவதைவிட நேராக வந்து இறங்குவதையே அவர் விரும்பக்கூடும். அப்படியானால் விதி எதற்கு என்று கேட்கலாம். ரேடார் இல்லாத இடத்தில் அவருக்குத் தெரிவது அந்தக் கணக்கிட்ட நேரம் ஒன்றுதான், அதனால் விதி அப்படி இருக்கிறது. எரிபொருள் குறைகிறது, இறக்கையில் பனி ஏறுகிறது என்றால் காத்திருக்க வேண்டியதில்லை. அவசரத்தில் தேவையான அளவுக்கு எந்த விதியையும் மீறும் உரிமையை அமெரிக்க விதி 91.3 விமானிக்குக் கொடுத்திருக்கிறது. விதி சொல்லாத இடத்தில் நல்ல புத்தியைப் பயன்படுத்துங்கள் என்று அமெரிக்க விமானிகளின் தகவல் கையேடும் வெளிப்படையாகவே சொல்கிறது.

சர்வதேச விதியில்

சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பின் விதி உயரத்தில்தான் முக்கியமாக வேறுபடுகிறது. கடைசியாகக் கொடுத்த உயரத்தையும் வேகத்தையும், குறைந்தபட்ச உயரம் அதிகமாக இருந்தால் அதை, ஒரு குறிப்பிட்ட நேரம் வரை அப்படியே வைத்திருக்க வேண்டும். ரேடார் போன்ற கண்காணிப்பு இருக்கும் வான்வெளியில் 7 நிமிடம், இல்லாத இடத்தில் 20 நிமிடம். அதன் பிறகு பறத்தல் திட்டத்தில் எழுதிய உயரத்துக்கும் வேகத்துக்கும் மாற வேண்டும். இருபது நிமிடக் கணக்கு, கட்டாயம் தெரிவிக்க வேண்டிய ஒரு புள்ளியில் நீங்கள் தெரிவிக்காமல் போனதிலிருந்து ஓடும். ஏழு நிமிடக் கணக்கு அதிலிருந்தோ, உயரத்தை எட்டியதிலிருந்தோ, 7600 வைத்ததிலிருந்தோ, எது கடைசியோ அதிலிருந்து ஓடும். இறங்குமிடத்துக்கான வழிகாட்டி நிலையத்தின் மேல் போய், சொன்ன நேரத்திலோ கணக்கிட்ட நேரத்திலோ இறங்கத் தொடங்கி, முடிந்தால் அந்த நேரத்துக்கு 30 நிமிடத்துக்குள் தரையைத் தொட வேண்டும். இதற்கு மேல் நாட்டுக்கு நாடு சொந்த மாற்றங்களும் உண்டு. போகும் நாட்டின் விதிப் புத்தகத்தில் இந்த ஒரு பக்கத்தையாவது கிளம்பும் முன் பார்த்துவிட வேண்டும்.

ஓடுபாதை தெரிந்த பிறகு

மேகத்தை விட்டுக் கீழே வந்தாயிற்று, எதிரே விளக்குகள் தெரிகின்றன. கட்டுப்பாட்டுக் கோபுரத்தைப் பாருங்கள். அங்கிருந்து ஒரு விளக்குத் துப்பாக்கியை உங்களை நோக்கிப் பிடிப்பார்கள். அணையாத பச்சை என்றால் இறங்கலாம். அணையாத சிவப்பு என்றால் மற்றவருக்கு வழி விட்டு வட்டமடித்துக்கொண்டிருங்கள். மின்னும் பச்சை, இறங்குவதற்குத் திரும்பி வாருங்கள் என்பது. மின்னும் சிவப்பு, இந்த விமான நிலையம் பாதுகாப்பாக இல்லை, இறங்காதீர்கள். பகலில் இறக்கைகளை ஆட்டியும் இரவில் தரையிறங்கும் விளக்கை இரண்டு முறை எரித்து அணைத்தும் பதில் சொல்லலாம்.

இறங்கி, எஞ்சினை அணைத்ததும் கைபேசியை எடுத்துக் கோபுரத்தையோ கட்டுப்பாட்டு நிலையத்தையோ கூப்பிட்டுச் சேர்ந்துவிட்டதைச் சொல்லிவிடுங்கள். அந்த அழைப்பு வராத வரைக்கும் நீங்கள் இன்னும் மேலேதான் எங்கேயோ இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு, உங்களுக்காக ஒதுக்கிய வானத்தில் அவர்கள் யாரையும் விட முடியாது.